பேரீச்சை, சுரைக்காய், மீன்தலை: ரோஷ் ஹஷானா தட்டை அடுக்குவதும் படிப்பதும்

யூதப் புத்தாண்டான ரோஷ் ஹஷானா இரவில் மேசைக்கு வரும் தட்டைப் பார்த்தால், நம் தெருமுனைக் காய்கறிக் கடையைச் சுருக்கி வைத்ததுபோல் இருக்கும். சுரைக்காய், காராமணி, பீட்ரூட் கீரை, பேரீச்சம்பழம், மாதுளை, நடுவில் ஒரு மீன்தலை. முதல்முறை விருந்துக்குப் போகிறவர் இதை அறுவடைப் படையல் என்று நினைப்பார், அல்லது உடம்புக்கு நல்லது என்று வைத்திருக்கிறார்கள் போலும் என்று நினைப்பார். இரண்டும் இல்லை. இவற்றில் பெரும்பாலானவை மேசைக்கு வந்தது பெயருக்காக. ஒவ்வொரு பெயரும் எபிரேயத்திலோ அரமேயத்திலோ இன்னொரு வினைச்சொல்லைப்போல் ஒலிக்கும். அந்த வினைச்சொல்லை வைத்து ஒரு வேண்டுதல் சொல்லிவிட்டு அதைத் தின்பார்கள். காளமேகத்தின் சிலேடையை ரசிக்கத் தெரிந்தவருக்கு இந்தத் தட்டு அரை மணியில் பிடிபட்டுவிடும்.

இந்தப் பண்டங்களுக்கு ஸிமானிம் என்று பெயர். ஒருமையில் ஸிமான், அதாவது அடையாளம். இஸ்ரேலிலோ லண்டனிலோ நியூயார்க்கிலோ யூத நண்பர் வீட்டுக்கு அழைக்கப்பட்டவர்களையும், அந்த வீட்டில் சமையலுக்குக் கைகொடுக்கப் போகிறவர்களையும் மனதில் வைத்து இது எழுதப்பட்டிருக்கிறது.

எங்கிருந்து வந்தது

யூதச் சட்ட விவாதங்களின் பழந்தொகுப்பான பாபிலோனியத் தல்மூதில் இரண்டு இடங்களில் இது வருகிறது: ஹொராயோத் 12ஆம் ஏட்டிலும் கெரித்தோத் 6ஆம் ஏட்டிலும். 4ஆம் நூற்றாண்டு பாபிலோனிய அறிஞர் அபாயே சொல்வது சுருக்கமானது: அடையாளத்துக்கு மதிப்பு உண்டு என்று ஆனபிறகு, ஆண்டின் தொடக்கத்தில் காரா, ரூபியா, கர்த்தி, ஸில்க்கா, தமரீ ஆகிய ஐந்தையும் ஒருவர் பழக்கமாக வைத்துக்கொள்ளட்டும். மாதுளை, ஆப்பிள், மீன், கேரட் எல்லாம் பின்னால் வந்து சேர்ந்தவை.

இரண்டு இடத்துக்கும் ஒரு சின்ன வேறுபாடு இருக்கிறது, அது விருந்தாளிக்கு மிகவும் உதவும். ஓரிடத்தில் இவற்றைப் 'பார்க்க' வேண்டும் என்று இருக்கிறது, மற்றதில் 'தின்ன' வேண்டும் என்று இருக்கிறது. ஆகவே ஒவ்வாமை இருப்பவர், மீன்தலையைத் தொட மனம் வராதவர், சைவர் எல்லோருமே அந்தப் பண்டத்தைப் பார்த்து வேண்டுதலைச் சொன்னால் போதும். 'நான் சைவம், இதைத் தொடமாட்டேன்' என்று சங்கடப்பட வேண்டாம். அந்த வீட்டிலேயே மீன்தலையைப் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்கிறவர்கள் இருப்பார்கள்.

1565இல் வெனிஸில் அச்சான ஷுல்ஹான் அரூஹ் என்ற சட்டத் தொகுப்பிலும் இந்த ஐந்தும் உள்ளன. அதன்மேல் குறிப்பு எழுதிய போலந்து அறிஞர் ஆவ்ராஹாம் கோம்பினர் ஒரு கதவைத் திறந்துவைத்தார்: எந்த நாட்டில் எந்த மொழியோ, அந்த மொழியில் பெருக்கத்தைச் சுட்டும் பெயருள்ள பண்டத்தை அங்கே தின்னலாம். கேரட் இப்படித்தான் உள்ளே வந்தது. கிழக்கு ஐரோப்பிய யூதர்கள் பேசிய இத்திஷ் மொழியில் கேரட்டுக்கு மேரென், 'பெருகு' என்பதும் கிட்டத்தட்ட அதே ஒலி. இதைப் பிடித்துக்கொண்டு அமெரிக்க வீடுகளில் ஆங்கிலச் சிலேடைகளும் மேசைக்கு வருகின்றன. தமிழர் ஒருவர் அந்த மேசையில் வாழைப்பழத்தை எடுத்துக்காட்டி 'வாழ' என்ற வினையைச் சொன்னால் சிரிப்போடு ஏற்றுக்கொள்வார்கள். வெல்லத்துக்கு 'வெல்லட்டும்' என்பதும் பொருந்தும்.

ஐந்து பழையவை

சமைக்கும்போது தவறு அதிகம் நேர்வது காராவில்தான். இன்று பெரும்பாலான வீடுகளில் காரா என்றால் மஞ்சள் பூசணி. ஆனால் மஞ்சள் பூசணி வகைகள் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவை, 1492க்கு முன் பாபிலோனில் எவரும் அவற்றைப் பார்த்திருக்க முடியாது. தல்மூது சொல்லும் காரா நம்முடைய சுரைக்காய்தான். அரபியில் சுரைக்கு இன்றும் அதே வேர்ச்சொல் வழங்குகிறது. ஆகவே வீட்டுக்காரர் 'பூசணி கிடைக்கவில்லை' என்று கவலைப்பட்டால், இந்தியக் கடையில் சுரைக்காய் வாங்கிக்கொடுங்கள். அது மாற்று இல்லை, மூலமே அதுதான். சொல்விளையாட்டு இரட்டையானது: காரா என்ற ஒலியில் 'கிழி' என்பதும் உண்டு, 'வாசி' என்பதும் உண்டு. எங்கள்மேல் எழுதப்பட்ட கெட்ட தீர்ப்பு கிழிக்கப்படட்டும், எங்கள் நன்மைகள் உன் முன்னே வாசிக்கப்படட்டும் என்பது வேண்டுதல். எபிரேயத்தில் அந்த ஒலிகளை வேறு எழுத்தில் எழுதினாலும் காதுக்கு ஒன்றாகவே கேட்கும், சிலேடைக்கு அது போதும்.

சுரைக்காயைச் சமைக்குமுன் ஒரு சிறு துண்டை வெட்டி நாக்கில் வைத்துப் பாருங்கள். கசந்தால் துப்பிவிட்டு முழுக் காயையும் குப்பையில் போடுங்கள். கசப்புச் சுரைக்காயில் உள்ள நச்சு வேகவைத்தாலும் போகாது, கடுமையான வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும். சர்க்கரை சேர்த்துக் கசப்பை மறைக்க நினைப்பதுதான் இதில் நடக்கும் மோசமான பிழை.

ரூபியா எது என்பதில் வீட்டுக்கு வீடு கருத்து மாறும். ஷுல்ஹான் அரூஹ் அதை வெந்தயம் என்கிறது. யேமனிலிருந்து வந்த யூதர்கள் வெந்தயத்தை ஊறவைத்து நுரைக்க அடித்த ஹில்பே என்ற சட்னியை வைப்பார்கள். சிரியா, எகிப்து, ஈராக் வழி வந்தவர்களுக்கு ரூபியா என்றால் லூபியா, அதாவது நம்முடைய காராமணி. இரண்டிலும் வேண்டுதல் ஒன்றுதான்: யிர்பு, பெருகட்டும், எங்கள் நன்மைகள் பெருகட்டும். லூபியாவில் 'லேவ்', இதயம் என்ற ஒலியும் கேட்கிறது என்பதால், 'எங்களை நெஞ்சோடு அணைத்துக்கொள்' என்று சில வீடுகளில் கூடுதலாகச் சொல்வார்கள். அஷ்கெனாசி வீடுகளில், அதாவது கிழக்கு ஐரோப்பிய மரபினரிடம், இந்த இடத்தைக் கேரட் பிடித்துக்கொள்கிறது. கேரட்டுக்கு எபிரேயத்தில் கெஸெர், தீர்ப்புக்கு கெஸார். வட்டமாக நறுக்கித் தேனில் வேகவைத்தால் பொற்காசுபோல இருக்கும் என்பது கூடுதல் காரணம்.

மற்ற மூன்றும் ஒரே திசையில் போகின்றன. கர்த்தி என்பது வெங்காய இனத்தைச் சேர்ந்த லீக்ஸ். யிக்காரெத்து, 'வெட்டப்படட்டும்'. ஸில்க்கா என்பது பீட்ரூட் இனத்தின் கீரை. யிஸ்தல்க்கு, 'அகலட்டும்'. தமார் என்பது பேரீச்சை. யித்தம்மு, 'முடிந்துபோகட்டும்'. வெட்டப்பட, அகல, முடிந்துபோக வேண்டியவர்கள் யார்? எங்கள் பகைவர், எங்களை வெறுப்பவர், எங்களுக்குத் தீங்கு தேடுபவர். இனிப்பான புத்தாண்டு என்று கேள்விப்பட்டு வருகிறவர் இந்த மூன்று வரிகளில் கொஞ்சம் அதிர்வார். துரத்தப்பட்டு நாடு நாடாகப் போன மக்களின் மேசை இது, அந்தச் சொற்கள் வெறும் அலங்காரமாக இருந்த நூற்றாண்டுகள் குறைவு. இன்று பல வீடுகளில் பகை என்பதை நோய், கோபம், பொறாமை என்று விரித்துச் சொல்கிறார்கள். எப்படிச் சொல்ல வேண்டும் என்று விருந்தாளி யோசனை சொல்லாமல் இருப்பது நல்லது.

ஸில்க்காவில் ஒரு தெளிவு வேண்டும். இன்றைய எபிரேயத்தில் ஸெலெக் என்றால் சிவப்புக் கிழங்கு, ஆகவே பலர் கிழங்கையே வைக்கிறார்கள். தல்மூது சொல்வது இலையை. ஸ்விஸ் சார்ட் கீரையும் பீட்ரூட்டும் ஒரே தாவர இனம்தான். எனவே கட்டோடு வாங்கிய பீட்ரூட்டின் இலையைச் சமைத்தால் இரண்டு கருத்துக்காரருக்கும் ஒத்துப்போகும்.

பின்னால் வந்தவை

ஆப்பிளும் தேனும் உலகெங்கும் இந்த நாளின் முகமாகிவிட்டன, ஆனால் இதில் சிலேடை கிடையாது. 14ஆம் நூற்றாண்டிலேயே ஜெர்மானிய யூதர்களின் வழக்கமாக இது குறிக்கப்பட்டிருக்கிறது. இனிய ஆண்டைப் புதுப்பித்துத் தா என்பது நேரடியான கோரிக்கை. ஸெஃபார்தி வீடுகளில், அதாவது ஸ்பெயினிலிருந்து வெளியேறி மத்தியதரைக் கடலைச் சுற்றிப் பரவிய மரபினரிடம், சமைக்காத ஆப்பிளுக்குப் பதில் சர்க்கரைப் பாகில் வேகவைத்த ஆப்பிளை வைப்பதும் உண்டு. ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் தொட்டு வைக்காதீர்கள். பொட்டுலிசம் என்ற நச்சுநோய் வரும் ஆபத்து இருக்கிறது. சின்ன விரலில் ஒரு சொட்டு என்று ஆசையாக யாராவது நீட்டுவது இந்த விருந்தில்தான் அதிகம் நடக்கும்.

மாதுளையில் 613 முத்து, யூத வேதமான தோராவில் 613 கட்டளை என்று மேசையில் எவராவது கட்டாயம் சொல்வார். தல்மூது முத்தை எண்ணவில்லை. உங்களில் வெறுமையானவர்கூட மாதுளைபோல் நற்செயலால் நிறைந்தவர் என்று மட்டும் சொல்கிறது. பழத்துக்குப் பழம் எண்ணிக்கை மாறும். அதை அங்கே திருத்த வேண்டாம்.

தலைக்குச் சொல்லும் வேண்டுதல்: நாங்கள் தலையாக இருக்கவேண்டும், வாலாக அல்ல. தோராவின் கடைசி நூலான உபாகமம் 28ஆம் அதிகாரத்தில் வரும் வாக்கு இது. ஆண்டின் 'தலை' என்பதுதான் ரோஷ் ஹஷானாவின் பொருளும்கூட. ஆட்டுத்தலை வைப்பவர்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு: ஆபிரகாமின் மகன் ஈசாக்குக்குப் பதிலாகப் பலியான ஆட்டுக்கடாவின் நினைவு. தலை முழுதாக வேண்டாம் என்பவர்கள் ஆட்டு நாக்கை வைப்பார்கள். சைவ வீட்டில் முட்டைக்கோஸோ ஒரு முழுப்பூண்டோ தலையாகிவிடும். மீனாக இருந்தால், 'மீனைப்போல் பெருகுவோம்' என்பது இன்னொரு வேண்டுதல். ஆனால் பாக்தாத் வழி வந்த பல வீடுகளில் இந்த நாளில் மீனே கிடையாது, ஏனென்றால் மீனுக்குப் பெயர் தாக், கவலைக்குப் பெயர் தஆகா. ஒரே பண்டம், ஒரு வீட்டில் வரம், அடுத்த வீட்டில் விலக்கு. மீன் வாங்கிக்கொண்டு போவதற்கு முன் கேட்டுவிடுங்கள்.

விலக்கியவற்றில் முக்கியமானது கொட்டைப் பருப்புகள். எபிரேய எழுத்துக்கு எண்மதிப்பு உண்டு. எகோஸ், அக்ரூட் கொட்டை, 1+3+6+7 என்று கூட்டினால் 17. பாவத்துக்கு ஹெட், ஒலிக்காத கடைசி எழுத்தை விட்டுவிட்டால் 8+9, அதுவும் 17. கொட்டை தின்றால் சளி கட்டி நாளெல்லாம் நடக்கும் வழிபாட்டில் குரல் தடைபடும் என்பதும் சொல்லப்பட்ட காரணம். 'நல்லது' என்ற பொருள்தரும் தோவ் என்ற சொல்லின் கூட்டும் 17தான் என்று குறும்பர்கள் நினைவூட்டுவார்கள். இருந்தாலும் முந்திரி பர்பியை அன்றைக்குப் பரிசாகக் கொண்டுபோக வேண்டாம். புளிப்பு, காரம், கசப்பு ஆகியவற்றையும் பலர் தவிர்ப்பார்கள். ஊறுகாய்க்கு அந்த மேசையில் இடமில்லை.

எட்டுப் பேருக்கு: அளவும் தயாரிப்பும்

எட்டுப் பேருக்கு இது போதும்: பேரீச்சம்பழம் 10, மாதுளை 2, ஆப்பிள் 3, தேன் 200 கிராம், லீக்ஸ் 1 கிலோ, பீட்ரூட் கீரை அல்லது சார்ட் 2 கட்டு, காய்ந்த காராமணி 200 கிராம், சுரைக்காய் 1 கிலோ, தலையோடு கூடிய மீன் ஒன்று. கூடுதலாகச் செய்யாதீர்கள். ஒருவருக்கு ஒரு வாய் அல்லது இரண்டு வாய்தான் கணக்கு. இதற்குப் பிறகுதான் சாப்பாடே வரும், புதியவர்கள் ஸிமானிமிலேயே வயிற்றை நிரப்பிக்கொண்டு பிறகு இறைச்சித் தட்டைப் பார்த்து விழிப்பது வழக்கமாக நடப்பது.

எல்லாவற்றையும் சூரியன் மறைவதற்குள் முடித்துவிட வேண்டும். மதச் சட்டத்தைக் கடைப்பிடிக்கும் வீட்டில் பண்டிகை நாளில் புதிதாக நெருப்பு மூட்டமாட்டார்கள், மின்விளக்கைத் தொடமாட்டார்கள். ஏற்கெனவே எரியும் அடுப்பில் அன்றைய தேவைக்குச் சமைக்கலாம். ஆனால் வெள்ளி மாலை தொடங்கும் வார ஓய்வுநாளில் பண்டிகை விழுந்தால் அதுவும் கிடையாது. 2026இல் அப்படித்தான்: முதல் இரவு செப்டம்பர் 11 வெள்ளிக்கிழமை, எபிரேய ஆண்டு 5787. அன்று மாலைக்குள் எல்லாம் வெந்து, வெப்பத் தட்டின்மேல் ஏறியிருக்க வேண்டும். ஓய்வுநாளில் பண்டத்திலிருந்து வேண்டாததைப் பொறுக்கி எடுப்பதும் பழம் பிழிவதும் தடை என்பதால் மாதுளையை வெள்ளிக்கிழமை பகலிலேயே உதிர்த்து மூடிவையுங்கள்.

காராமணியை முந்தைய நாள் கொட்டிப் பாருங்கள். வட்டமான ஓட்டை விழுந்திருந்தால் உள்ளே வண்டு இருக்கிறது. பூச்சி தின்பது கஷ்ருத், அதாவது உணவுச் சட்டப்படி தடை என்பதால் இந்த வேலையை வீட்டுக்காரர்கள் விளையாட்டாக எடுத்துக்கொள்ளமாட்டார்கள். 4 மணி நேரம் ஊறவைத்து, குக்கரில் 2 விசில். அதற்குமேல் போனால் குழைந்துவிடும். ஒவ்வொருவருக்கும் கரண்டியில் தனித்தனி மணியாகத் தெரிய வேண்டும், பெருக்கம் என்பதே எண்ணிக்கைதானே. எண்ணெயில் வெங்காயம், சீரகம், உப்பு சேர்த்து வதக்கினால் போதும்.

பேரீச்சையை நீளவாக்கில் பிளந்து, கொட்டையை எடுத்து, உள்பக்கத்தை வெளிச்சத்தில் பார்த்து மூடுங்கள். கறுத்த தூள் இருந்தால் அதைத் தள்ளிவிடுங்கள். இஸ்ரேலில் இந்தப் பருவத்தில் மஞ்சளாக, மொறுமொறுப்பாக பர்ஹி பேரீச்சை வரும். வாங்கினால் நன்றாகக் கனிந்ததைப் பாருங்கள், காய் பதத்தில் இருந்தால் நாக்கு பிடித்துக்கொள்ளும்.

லீக்ஸ் இலங்கைத் தமிழருக்குப் பழகிய காய், நுவரெலியாப் பக்கம் நிறைய விளைகிறது. தெரியாதவர்கள் செய்யும் தவறு, வெங்காயத்தாளைப்போல் வெளியே மட்டும் கழுவி நறுக்குவது. மண் இதழ்களுக்கு நடுவில் இருக்கும். கரும்பச்சை நுனியை வெட்டிவிட்டு, நீளவாக்கில் இரண்டாகக் கிழித்து, ஒவ்வொரு இதழையும் குழாயடியில் விரித்துக் கழுவுங்கள். பிறகு 2 செ.மீ. துண்டாக்கி 15 முதல் 20 நிமிடம் வேகவையுங்கள். துருக்கி, கிரேக்க வழி யூதர்கள் இதை கெஃப்தேஸ் தே ப்ராஸா என்ற வடையாகச் செய்வார்கள்: வெந்த லீக்ஸைத் துணியில் கட்டி நன்றாகப் பிழிந்து, முட்டை 2, ரொட்டித்தூள் 4 மேசைக்கரண்டி, உப்பு, மிளகு சேர்த்துத் தட்டையாகத் தட்டி எண்ணெயில் பொரிப்பது. வடை சட்டியில் உடைந்தால் காரணம் எப்போதும் ஒன்றுதான், தண்ணீர் பிழியப்படவில்லை. ரொட்டித்தூளைக் கூட்டிச் சரிசெய்தால் மாவு மாவாகிவிடும், மறுபடி பிழிவதுதான் வழி. முட்டையை ஒவ்வொன்றாகக் கண்ணாடிக் கோப்பையில் உடைத்துப் பாருங்கள். இரத்தப் புள்ளி இருந்தால் அந்த முட்டை ஆகாது.

கீரைக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை: உப்புத் தண்ணீரில் அலசி, இலையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, 3 நிமிடம் வேகவைத்துப் பிழிந்து, பூண்டோடு வதக்குங்கள். இரண்டு கட்டு சுருங்கி ஒரு கிண்ணமாகும்.

சுரைக்காயைத் தோல் சீவி, விதைப் பகுதி முற்றியிருந்தால் எடுத்துவிட்டு, சதுரமாக நறுக்கி, 100 கிராம் சர்க்கரையும் ஒரு பட்டையும் போட்டு மூடிச் சிறுதீயில் 40 நிமிடம். தண்ணீர் ஊற்றாதீர்கள். காயே தண்ணீர் விடும். ஊற்றினால் குழம்பாகிவிடும், தட்டில் நிற்காது.

ஹில்பே செய்வதானால் 2 மேசைக்கரண்டி வெந்தயத்தூளைக் குளிர்ந்த நீரில் குறைந்தது 3 மணி நேரம் ஊறவிட்டு, மேலே தெளியும் நீரை முழுவதும் வடித்து, அடியில் உள்ள கூழை வெள்ளையாக நுரைக்கும்வரை அடியுங்கள். அந்த நீரை வடிக்காவிட்டால் கசக்கும். வழக்கமாக இதில் எலுமிச்சையும் பச்சை மிளகாயும் சேரும். புளிப்பும் காரமும் விலக்கும் வீட்டில் உப்போடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

மீனுக்குத் துடுப்பும் செதிலும் இருக்க வேண்டும். சுறா, கெளுத்தி ஆகாது, இறாலும் நண்டும் எந்த நாளிலும் ஆகாது. கடைக்காரரிடம் செவுளை எடுத்துவிட்டுத் தலையை முழுதாகத் தரச் சொல்லுங்கள். செவுள் உள்ளே இருந்தால் கசக்கும். உப்பும் மஞ்சளும் போட்ட கொதிநீரில் 15 நிமிடம் போதும், கூடினால் தாடை கழன்று தலையே தலையாக இராது. மீனுக்குத் தனித்தட்டு, தனிக்கரண்டி. மீனையும் இறைச்சியையும் ஒரே தட்டில் சேர்ப்பதில்லை.

ஆப்பிள் கறுக்காமலிருக்க எலுமிச்சை பிழிவது நம் பழக்கம். புளிப்பு வேண்டாத இந்த இரவில் ஒரு குவளை நீரில் 2 மேசைக்கரண்டி தேனைக் கரைத்துத் துண்டுகளை 5 நிமிடம் போட்டு எடுங்கள். நிறம் நிற்கும், பொருத்தமும்கூட. மாதுளையை மேல்தோலில் வரிவரியாகக் கீறி, தண்ணீருக்குள் வைத்து உடைத்தால் முத்து அடியில் தங்கும், வெள்ளைச் சவ்வு மிதக்கும். மேசைவிரிப்பு பல வீட்டில் வெள்ளை. மாதுளையையும் சிவப்புக் கிழங்கையும் குழிந்த கிண்ணத்தில், கரண்டியோடு வையுங்கள்.

மேசையில் எது எப்போது

விளக்கு ஏற்றியபின் திராட்சைரசத்தின்மேல் கித்தூஷ் என்ற வாழ்த்து. பிறகு எழுந்துபோய்க் குவளையால் கையில் தண்ணீர் ஊற்றிக் கழுவுவார்கள். கழுவியதிலிருந்து ரொட்டியை வாயில் வைக்கும்வரை பேசக்கூடாது. அமைதியைப் பார்த்து, ஏதோ கோபம் என்று நினைத்துப் புதியவர்கள் பேச்சுக் கொடுப்பார்கள். தலையசைத்துச் சிரிப்பார்கள், பதில் வராது. ரொட்டி, ஹல்லா, அன்று வட்டமாக இருக்கும், வழக்கமாக உப்பில் தொடுவதைத் தேனில் தொடுவார்கள்.

அதன்பின் ஸிமானிம். எல்லாரும் முதலில் ஆப்பிளை நோக்கிக் கை நீட்டுவார்கள், ஆனால் பேரீச்சை மேசையில் இருக்கும்போது பழ வாழ்த்து அதன்மேல் சொல்லப்பட வேண்டும் என்பதே முறை. உபாகமம் 8:8இல் நாட்டைப் புகழும் ஏழு விளைபொருள்களில் பேரீச்சையும் மாதுளையும் உண்டு, ஆப்பிள் இல்லை. ஆகவே வீட்டுத்தலைவர் பேரீச்சையை எடுத்து வாழ்த்துச் சொல்வார், ஒரு கடி கடித்த பிறகே 'யெஹி ராட்சோன்', அதாவது 'உன் விருப்பமாக இருக்கட்டும்' என்று வேண்டுதலைத் தொடங்குவார். வாழ்த்துக்கும் கடிக்கும் நடுவில் பேச்சு புகக்கூடாது என்பதே காரணம். காய்கறிகளுக்கு இந்தச் சிக்கல் இல்லை. அவை ரொட்டிக்குச் சொன்ன வாழ்த்திலேயே அடங்கிவிடும், வேண்டுதலை முதலில் சொல்லிவிட்டுப் பிறகு தின்னலாம். நீங்கள் செய்யவேண்டியது ஒவ்வொன்றின் முடிவிலும் 'ஆமென்' மட்டும்.

வரிசை வீட்டுக்கு வீடு மாறும். அதனால் கிண்ணங்களை வீட்டுக்காரர் சொல்லும் வரிசையில் வலமிருந்து இடமாக வையுங்கள், எபிரேயம் படிக்கும் திசையும் அதுவே. அந்தந்தக் கிண்ணத்தின் அருகே சொல்லை எழுதிய சிறு அட்டை இருந்தால் குழந்தைகள் ஆளுக்கு ஒன்றைப் பிடித்துக்கொண்டு படிப்பார்கள். அட்டையை முன்பே எழுதிவிடுங்கள், பண்டிகை தொடங்கிய பிறகு எழுதுவது தடை. படம் எடுப்பதும் அப்படியே. உங்கள் கைபேசியை வெளிச்சட்டைப் பையிலேயே விட்டுவிடுங்கள்.

இரண்டாம் இரவு

ரோஷ் ஹஷானா இஸ்ரேலிலும் வெளியிலும் இரண்டு நாள். இரண்டும் சேர்ந்து ஒரு நீண்ட நாளாகவே கருதப்படுவதால், 'இந்தக் காலத்தை அடைய வைத்தவனே' என்ற ஷெஹெஹியானு வாழ்த்தை இரண்டாம் இரவும் சொல்லலாமா என்ற ஐயம் எழுந்தது. தீர்வாக அந்தப் பருவத்தில் இன்னும் தின்னாத புதுப்பழம் ஒன்றை மேசையில் வைப்பார்கள், வாழ்த்து அதற்கும் சேர்த்து ஆகிவிடும். கித்தூஷ் முடிந்து ரொட்டிக்கு முன் அந்தப் பழத்தைத் தின்பது வழக்கம்.

விருந்தாளி கொண்டுபோக ஏற்ற பொருள் இதுதான். ஆண்டு முழுதும் கிடைக்கும் பழம் கணக்கில் வராது, பருவம் இருக்கவேண்டும். ரம்புட்டான், சீத்தாப்பழம், முள்சீத்தா போன்றவை நன்றாகப் பொருந்தும். முழுப்பழமாக, வெட்டாமல் கொடுங்கள். மாதுளையே புதுப்பழமாக வைக்கத் திட்டம் என்றால் முதல் இரவு அதைத் தொடக்கூடாது. இதை மறந்து முதல் இரவே எல்லாரும் மாதுளை தின்றுவிட்டு, மறுநாள் கடை பூட்டியிருக்கப் பழம் தேடி அலைவது நடப்பதுதான். முதல் நாள் பகலில் இரண்டாம் இரவுக்காகச் சமைக்கவோ மேசை அடுக்கவோ கூடாது. வானில் மூன்று நட்சத்திரம் தெரிந்தபிறகே வேலை தொடங்கும், சாப்பாடு தாமதமாகும் என்று எதிர்பார்த்து மாலையில் கொஞ்சம் தின்றுவிட்டுப் போங்கள்.

வீட்டில் சமைத்த எதையும் கொண்டுபோகாதீர்கள், எவ்வளவு சுத்த சைவமாக இருந்தாலும். பாத்திரத்திலிருந்தே கஷ்ருத் தொடங்குகிறது, வாங்கி வைத்துவிட்டுத் தின்ன முடியாமல் அவர்கள்தான் சங்கடப்படுவார்கள். தேன் வாங்கினால் முத்திரை உடையாத, கோஷர், அதாவது கஷ்ருத்துக்கு உட்பட்டது என்ற அடையாளம் உள்ள குப்பி. பால் சேர்ந்த இனிப்பு இறைச்சி விருந்துக்கு ஆகாது. எதுவானாலும் சூரியன் மறைவதற்கு முன்பே வீட்டில் சேர்த்துவிடுங்கள். வாசலில் சொல்ல வேண்டியது 'ஷனா தோவா', நல்ல ஆண்டு. 'உமெதுகா', இனியதும்கூட, என்று சேர்த்துச் சொன்னால் உள்ளே தேன் கிண்ணம் நகர்ந்து உங்கள் பக்கம் வரும்.